பொது நூலகத்தை வரும் காலத்துக்குத் தயார் செய்வது எப்படி? ஒரு ‘இல்லை’ நோட்டிலிருந்து தொடங்குங்கள்

நூல் வழங்கும் மேசைக்குப் பின்னால் 27 ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். அந்த மேசையில் நான் அதிகம் சொன்ன சொல் எது என்று யோசித்தால், “இல்லைங்க” என்பதுதான். அந்தப் புத்தகம் இல்லைங்க. பிரிண்ட் எடுக்கும் வசதி இல்லைங்க. ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லைங்க. சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்ப்பேன். கேட்டவர் திரும்பிப் போய்விடுவார். வந்ததற்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கும். புத்தகம் எடுத்திருந்தால் இரவல் பதிவேட்டில் எண் இருக்கும். கிடைக்காமல் திரும்பியதற்கு மட்டும் பதிவேடே கிடையாது.

ஒருநாள் பெரியவர் ஒருவர் வந்தார். செல்போனை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தார். “அம்மா, பென்ஷனுக்கு இதுல ஏதோ நம்பர் கேக்குதும்மா. நான் அடிச்சு முடிக்கிறதுக்குள்ள நேரம் முடிஞ்சு போயிடுது” என்றார். உயிரோடு இருக்கிறேன் என்று ஆண்டுக்கொரு முறை தர வேண்டிய சான்று அது. மூன்று நாளாக முயன்றிருக்கிறார். “ஐயா, இங்க அதெல்லாம் பண்றதில்லைங்க” என்றேன். அவர் கோபப்படவில்லை. நாளிதழ் பகுதிக்குப் போய் ஒரு தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெகுநேரம் பக்கத்தைத் திருப்பவே இல்லை. அப்புறம் எழுந்து போய்விட்டார்.

அன்று மாலை பூட்டுவதற்கு முன் ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து, முதல் பக்கத்தில் அவர் கேட்டதை எழுதினேன். எங்கள் ‘இல்லை’ நோட்டு அப்படித்தான் தொடங்கியது. கையில் செல்போன் வந்த பிறகு நூலகம் யாருக்கு வேண்டும் என்று கேட்கிறவர்களிடம் அந்த நோட்டைத்தான் காட்டுவேன். நூலகம் நாளை என்னவாக வேண்டும் என்பதை வெளியிலிருந்து வரும் நிபுணர் சொல்லத் தேவையில்லை. வாசலில் வந்து கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவர்களே தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் நூலகராக இருக்கலாம், வாசகர் வட்டத்தில் இருக்கலாம், நூலகத்துக்கு நிதி ஒதுக்கும் இடத்தில் இருக்கலாம். நான் செய்து பார்த்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

நோட்டு எழுதுவது

நான்கு கட்டம் போதும்: தேதியும் நேரமும், வந்தவருக்கு ஏறத்தாழ என்ன வயது, என்ன கேட்டார், நாம் என்ன சொன்னோம். பெயர் எழுதவே கூடாது. யார் எதைத் தேடி வந்தார் என்பது அவருக்கும் நூலகத்துக்கும் இடையில் இருக்க வேண்டிய விஷயம். அதைக் காப்பாற்றாத நூலகத்தில் யாரும் மனம் திறந்து எதையும் கேட்க மாட்டார்கள்.

கேட்டவர் வாசலைத் தாண்டுவதற்குள் எழுதிவிடுங்கள். மாலையில் சேர்த்து எழுதலாம் என்று விட்டால், நமக்கு வசதியானதுதான் நினைவில் நிற்கும். துப்புரவுப் பணியாளரிடமும் காவலரிடமும் ஒரு சின்ன நோட்டைக் கொடுத்து வையுங்கள். மேசைக்கு வரத் தயங்குகிறவர்கள் அவர்களிடம்தான் கேட்பார்கள். “பாத்ரூம் இருக்கா?” என்ற கேள்வி என்னிடம் வந்ததே இல்லை. காவலரின் நோட்டில் ஒரே வாரத்தில் பலமுறை இருந்தது. பெரும்பாலும் பெண்கள்.

வாய்விட்டுக் கேட்காததையும் எழுதுங்கள். சார்ஜரைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும் மாணவர். குழந்தை அழத் தொடங்கியதும் பதறிக்கொண்டு வெளியே ஓடும் தாய். எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் பத்திரிகையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிக்கும் முதியவர். இவர்களும் எதையோ கேட்டவர்கள்தான்.

இப்படி முப்பது நாள். எங்கள் முதல் மாத நோட்டில் பாதிக்கு மேல் புத்தகம் சம்பந்தப்பட்டதே இல்லை. முதலில் எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் இந்திய நூலகவியலின் முன்னோடி எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது மனம் தெளிந்தது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாம் விதி. வாசகரின் நேரத்தைச் சேமி என்பது நான்காவது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்பது ஐந்தாவது. படிக்கிற காலத்தில் தேர்வுக்காக மனப்பாடம் செய்த வரிகள் இவை. இரண்டாம் விதி எங்கெங்கே தவறுகிறது என்பதற்கான கணக்குதான் என் கையிலிருந்த நோட்டு.

பிரிப்பது

மாத முடிவில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து நோட்டை வாய்விட்டுப் படியுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள்: நாளைக்கே நம்மால் முடியும், யாராவது உதவினால் முடியும், பணமோ உத்தரவோ வந்தால்தான் முடியும். முதல் வகையிலிருந்து தொடங்குங்கள். கைக்கு எட்டியதைச் செய்யாமல் பெரிய கட்டடம் கேட்டு மனு எழுதிக்கொண்டிருப்பது பழக்கமாகிவிட்டால் பல ஆண்டுகள் போய்விடும்.

நாங்கள் முதலில் செய்தவை: நாளிதழ் மேசையில் ஒரு விளக்கும், நூலில் கட்டிய ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும். சுவரோரம் நாற்காலிகளை நகர்த்தி, பிளக் பாயின்ட் இருக்கும் இடத்தில் மேசை. திறக்கும் நேரத்தை வெளியிலிருந்து படிக்கும்படி பெரிய எழுத்தில் ஒரு பலகை. பூட்டிக் கிடந்த கழிப்பறையைத் திறந்து, அதைத் தினமும் பார்த்துக்கொள்வது யார் என்று பெயர் போட்டு ஓர் அட்டவணை. இதற்கெல்லாம் யாருடைய உத்தரவும் தேவைப்படவில்லை.

இடம் உண்டாக்குவது

அடுத்து வருவது மனசுக்குக் கஷ்டமான வேலை. புத்தகங்களைக் கழிப்பது. இதைத் தள்ளிப்போடாத நூலகரை நான் பார்த்ததில்லை. நானும் தள்ளிப்போட்டேன். ஆனால் உட்கார இடமில்லாத நூலகத்தில் எந்தப் புதிய பணியும் நடக்காது.

ஒரு நேரத்தில் ஒரு அலமாரி மட்டும். ஒவ்வொரு புத்தகமாக எடுத்துக் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தவணைச் சீட்டைப் பாருங்கள். பல ஆண்டுகளாக முத்திரையே விழவில்லையா? தாள் நொறுங்குகிறதா? பூச்சி அரித்திருக்கிறதா? காலாவதியான தகவலா? காலாவதியான மருத்துவ நூலும் சட்ட வழிகாட்டியும் அலமாரியில் இருப்பது ஆபத்து. மருந்தளவு மாறியிருக்கும், சட்டப் பிரிவு மாறியிருக்கும். நூலகத்தில் இருக்கிறதே என்று நம்பி ஒருவர் அதன்படி நடந்தால் பொறுப்பு நமக்குத்தான். இப்படிப்பட்டவற்றை முதலில் எடுங்கள்.

எடுக்கக் கூடாதவையும் உண்டு. உள்ளூர் எழுத்தாளர்கள், சிறு பதிப்பகங்கள், ஆண்டு மலர்கள், ஊர் வரலாறு, வேறு எந்த நூலகப் பட்டியலிலும் கிடைக்காத ஒற்றைப் பிரதி. முத்திரை விழவில்லை என்ற ஒரே காரணத்துக்காக இவற்றைத் தொடாதீர்கள். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அட்டை கிழிந்த பழைய மலர்கள் ஏழெட்டை யாரும் எடுப்பதில்லை என்று கழிவுப் பட்டியலில் சேர்த்துவிட்டேன். சில வாரம் கழித்து ஓர் அம்மா வந்தார். தன் தாத்தா மேடையில் நிற்கும் ஒரே புகைப்படம் அந்த மலர்களில் ஒன்றில் வந்திருந்ததாம், பேரப்பிள்ளைக்குக் காட்ட வேண்டுமாம். நான் அலமாரியின் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பதிவைச் சிவப்பு மையில் எழுதினேன். அதற்குப் பிறகு, கழிக்கும் பட்டியலை ஊர் விஷயம் தெரிந்த இரண்டு வாசகர்களிடம் காட்டாமல் ஒரு புத்தகத்தையும் அனுப்பியதில்லை.

முறைப்படி செய்யுங்கள். குழுவின் ஒப்புதல், சேர்க்கைப் பதிவேட்டில் குறிப்பு, நீக்கிய முத்திரை எல்லாம் இருக்கட்டும். எதற்காகக் கழிக்கிறோம் என்று வாசகர்களுக்கு ஓர் அறிவிப்பும் ஒட்டுங்கள். மூட்டை கட்டி வெளியேறும் புத்தகங்களைப் பார்த்தால் மக்களுக்கு வலிக்கும். வலிக்கத்தான் வேண்டும், நம் நூலகம் என்ற எண்ணம் அவர்களுக்கு இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

இப்படிக் கிடைத்த இடத்தில் என்ன வைப்பது? பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் 2018 டிசம்பரில் திறந்த ‘ஓடி’ என்ற நூலகத்தைப் பற்றிப் படித்திருப்பீர்கள். நாடாளுமன்றத்துக்கு எதிரே கட்டியிருக்கிறார்கள். புத்தகங்கள் மேல் தளத்தில். நடுத் தளத்தில் தையல் இயந்திரம், முப்பரிமாண அச்சுப்பொறி, ஒலிப்பதிவு அறை. அந்த நாட்டின் 2016-ஆம் ஆண்டு நூலகச் சட்டம், குடிமக்கள் பொது வாழ்வில் பங்கெடுக்கவும் கருத்துச் சொல்லவும் துணை நிற்பதை நூலகத்தின் நோக்கங்களில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. படங்களைப் பார்த்துவிட்டு நமக்கும் ஓர் அச்சுப்பொறி வேண்டும் என்று ஓடாதீர்கள். அங்கே திட்டமிடும்போதே ஊர் மக்களிடம் யோசனை கேட்டார்கள். எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான். உங்கள் நோட்டில் தையல் இயந்திரம் என்று வந்திருந்தால் தையல் இயந்திரம். அமைதியாகப் படிக்க இடம் என்று வந்திருந்தால் நான்கு நாற்காலியும் ஒரு கதவும்.

பொருள்களை இரவல் கொடுப்பதும் புதிய யோசனை இல்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி பொது நூலகம் 1979-லிருந்தே துளைக் கருவி, ஏணி போன்றவற்றை இரவல் தருகிறது. ஆண்டுக்கு ஒருமுறை தேவைப்படும் பொருளை ஒவ்வொரு வீடும் வாங்க வேண்டாம் என்பதுதான் கணக்கு. புத்தகத்துக்கும் அதே கணக்குத்தானே? நாங்கள் அளவு நாடா, ரத்த அழுத்தமானி, செஸ் பலகை ஆகிய மூன்றோடு தொடங்கினோம். ஒவ்வொன்றுக்கும் சேர்க்கை எண் போட்டு, எந்தெந்தப் பாகங்கள் உள்ளே இருக்கின்றன என்று எழுதிய சீட்டைப் பெட்டியின் மூடியில் ஒட்டிவிடுங்கள். திரும்ப வாங்கும்போது சண்டை வராது.

படிவ மேசை

அந்தப் பெரியவர் கேட்டதற்கு வருகிறேன். உலகத்தில் எல்லா அலுவலகமும் இணையத்துக்குப் போய்விட்டது. இணையத்தோடு எல்லாரும் போய்விடவில்லை. பணம் கொடுக்காமல், யாரும் விரட்டாமல், உட்கார்ந்து உதவி கேட்க மிச்சமிருக்கும் பொது இடம் நூலகம்தான். சான் பிரான்சிஸ்கோ பொது நூலகம் 2009-இல் ஒரு சமூகப் பணியாளரையே நியமித்தது. வீடில்லாதவர்கள் எப்படியும் நூலகத்துக்கு வருகிறார்கள், அப்படியானால் உதவியும் அங்கேயே இருக்கட்டும் என்று. நம்மிடம் அந்த வசதி இல்லாவிட்டாலும் வாரத்தில் இரண்டு நாள், இரண்டிரண்டு மணி நேரம், ஒரு மேசை போட முடியும்.

இந்த மேசையை நடத்த நாங்கள் எழுதிவைத்த விதிகளை அப்படியே தருகிறேன்.

விசைப்பலகையில் கை வைப்பது வந்தவர்தான். நேரம் அதிகமாகும், பரவாயில்லை. நாமே அடித்துக் கொடுத்தால் அடுத்த முறையும் அவர் நம்மைத்தான் நம்பியிருக்க வேண்டும்.

கடவுச்சொல்லையும் செல்போனுக்கு வரும் ஒருமுறை எண்ணையும் நாம் கேட்கக் கூடாது, பார்க்கக் கூடாது, எழுதி வைக்கவே கூடாது. அவர் சொல்ல வந்தாலும், “என்கிட்ட சொல்லாதீங்க, நீங்களே அடிங்க” என்று சொல்லித் திரும்பிக்கொள்ளுங்கள். யாரிடமும் சொல்லக் கூடாத எண் அது என்ற பாடம் அங்கேயே நடந்துவிடும்.

உலாவியில் தனிச் சாளரம் (‘இன்காக்னிட்டோ’) திறந்துதான் வேலை. முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறி, பதிவிறக்கக் கோப்புறையையும் குப்பைத் தொட்டியையும் காலி செய்த பிறகுதான் அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். அடையாள அட்டையின் நகல் கணினியில் ஒரு நிமிடம்கூடத் தேவையில்லாமல் இருக்கக் கூடாது.

உடல்நலம், வழக்கு என்று வந்தால் முடிவு சொல்லாதீர்கள். சரியான பக்கத்தைத் தேடி எடுத்து, அவரோடு சேர்ந்து படித்து, எந்த அலுவலகத்தை அணுக வேண்டும் என்பதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். நாம் நூலகர்கள். வழி காட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

தன்னார்வலர்களாகக் கல்லூரி மாணவர்கள் கிடைப்பார்கள். மேசைக்கு அனுப்பும் முன் இந்த விதிகளைப் படிக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். எங்கள் பிள்ளைகளில் ஒருவன் முதல் நாளே, “மேடம், நான் அடிச்சா ரெண்டு நிமிஷம், அவங்க அடிச்சா இருபது நிமிஷம்” என்றான். “சரிப்பா, இருபது நிமிஷம்னே வச்சுக்கோ” என்றேன். நான்காவது வாரத்தில் அவனே புதிதாக வந்தவர்களுக்கு அந்த விதியைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பெரியவரைத் தேடிப் பிடித்தோம். படிவ மேசையின் முதல் வாரத்திலேயே வந்தார். எண் வந்ததும் முதல் மூன்று இலக்கத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடிக்கப் போனார், சட்டென்று நிறுத்தி, “சொல்லக் கூடாதுல்ல?” என்று கேட்டுவிட்டு உதட்டை மூடிக்கொண்டு அடித்தார்.

செயற்கை நுண்ணறிவு சொன்னால்

“மேடம், இந்த அஞ்சு புத்தகம் வேணும், ப்ராஜெக்ட்டுக்கு” என்று ஒரு மாணவி பட்டியலோடு வந்தாள். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு எல்லாம் ஒழுங்காக இருந்தன. எங்கள் பட்டியலில் ஒன்றும் இல்லை. உலக நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்ட்கேட்டில் தேடினோம், தேசிய நூலகப் பட்டியல்களில் தேடினோம். இரண்டு கிடைத்தன. மற்ற மூன்று உலகத்தில் யாருமே எழுதாத புத்தகங்கள். செல்போனில் இருந்த செயலி சொன்னதை அவள் அப்படியே எழுதி வந்திருக்கிறாள். இது மாணவர்களோடு நிற்கிற சிக்கல் இல்லை. 2025 மே மாதத்தில் ஓர் அமெரிக்க நாளிதழோடு வந்த வாசிப்புப் பட்டியலில் இருந்த 15 புத்தகங்களில் 5 தான் உண்மையானவை.

நூலகத்தின் நாளைய வேலைகளில் இதுதான் பெரியதாக இருக்கும் என்று நான் நினைக்கிறேன். பதில் எங்கும் கிடைக்கிறது. அது சரியா என்று பார்க்கக் கற்றுக்கொள்ள ஓர் இடம் வேண்டும். இதற்கு வகுப்பு வைக்காதீர்கள், வகுப்பென்றால் வர மாட்டார்கள். வாரம் ஒருநாள் ஒரு கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து பேர், ஒரே கேள்வி. ஒருவர் செயலியிடம் கேட்கட்டும், ஒருவர் கலைக்களஞ்சியத்தில் பார்க்கட்டும், ஒருவர் பழைய நாளிதழ்த் தொகுப்பில், ஒருவர் விஷயம் தெரிந்த ஆளிடம். பிறகு நான்கு பதிலையும் பலகையில் எழுதி, மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள்: இதை முதலில் சொன்னது யார், எப்போது சொன்னார், நாமே போய்ப் பார்க்க முடிகிற ஆதாரம் எது? எங்கள் குழு ஒரு பாலம் கட்டிய ஆண்டைத் தேடிப் போய், மூன்று வேறு ஆண்டுகளோடு வந்தது. கடைசியில் ஒரு பையன் பாலத்துக்கே போய்க் கல்வெட்டைப் படமெடுத்து வந்தான். வாசகரின் கேள்விக்கு ஆதாரத்தோடு விடை தேடித் தருவதைக் குறிப்புதவிப் பணி என்று எங்கள் துறையில் சொல்வார்களே, அதன் முழு அர்த்தம் அன்று எனக்கே புதிதாகத் தெரிந்தது.

அந்த மூன்று புத்தகங்களையும் நோட்டில் எழுதினேனா என்று கேட்பீர்கள். எழுதினேன். அவளுக்கு வேண்டியிருந்த பொருள் உண்மையானது. அந்தப் பொருளில் எங்களிடம் நல்ல புத்தகம் இல்லாததும் உண்மை.

மின்நூல் வாங்கும்போது

இதில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அச்சுப் புத்தகத்தை வாங்கினால் அது நூலகத்தின் சொத்து. மின்நூலில் பெரும்பாலும் நாம் வாங்குவது உரிமம் மட்டும். 2011-இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் ஒரு மின்நூலை 26 முறை இரவல் கொடுத்ததும் உரிமம் முடியும் என்று விதி கொண்டுவந்தபோதுதான் பல நூலகர்களுக்கு இது உறைத்தது. கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: எத்தனை இரவல், எத்தனை ஆண்டு, சந்தாவை நிறுத்தினால் நம்மிடம் என்ன மிஞ்சும், வாசகர் எதைப் படித்தார் என்ற விவரம் யாரிடம் இருக்கும்? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். இணையம் அடிக்கடி துண்டிக்கும் இடமாக இருந்தால், கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் வழியாக விக்கிப்பீடியாவையே இறக்கி வைத்துக்கொள்ளலாம். நூலகத்தை நிர்வகிக்கக் கோஹா என்ற மென்பொருள் இருக்கிறது. நியூசிலாந்தின் ஒரு நூலகத்துக்காக உருவாகி, 2000-லிருந்து எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது.

ஊரின் நினைவு

இணையத்தில் இல்லாதது என்ன இருக்கிறது என்று ஒருவர் என்னிடம் கேட்டார். உங்கள் தெரு இருக்கிறதா என்று கேட்டேன். ஒவ்வோர் ஊரிலும் பீரோவுக்குள் புகைப்படங்கள் மங்கிக்கொண்டிருக்கின்றன. துண்டறிக்கைகள், பள்ளி மலர்கள், கூட்ட அழைப்பிதழ்கள், கடிதங்கள் பழைய தாளோடு தாளாகப் போய்க்கொண்டிருக்கின்றன. இவற்றைக் காப்பாற்றுவது, அந்த ஊர் நூலகத்தைத் தவிர வேறு எந்த நூலகத்தாலும் செய்ய முடியாத வேலை.

மாதம் ஒருநாள், “உங்கள் படத்தைக் கொண்டுவாருங்கள், நகல் எடுத்துக்கொண்டு உடனே தருகிறோம்” என்று அறிவியுங்கள். மூலத்தை அன்றே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், ஓர் இரவுகூட வைத்துக்கொள்ளக் கூடாது. நம்பிக்கை அதில்தான் இருக்கிறது. புகைப்படத்தை 600 டிபிஐ, அச்சுத் தாளை 300 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) அளவில் ஸ்கேன் செய்யுங்கள். படத்தின் பின்புறத்தில் பேனாவால் எழுதாதீர்கள், மை ஊறி முன்பக்கம் தெரியும். மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. கோப்புப் பெயரில் தேதியும் வரிசை எண்ணும் இருக்கட்டும். மூன்று பிரதி வையுங்கள், அதில் ஒன்று இந்தக் கட்டடத்துக்கு வெளியே.

படத்தைவிட அதைக் கொண்டுவந்தவர் சொல்வதுதான் பெரிய சொத்து. பக்கத்தில் உட்கார்த்திப் பேசவிட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். யார் யார் கேட்கலாம், இப்போதா, அவர் காலத்துக்குப் பிறகா என்று எழுத்தில் அனுமதி வாங்குங்கள். “இதில் நிற்பது யார்?” என்று கேட்பதைவிட, “இந்தப் படத்துக்கு வெளியே அந்தப் பக்கம் என்ன இருந்தது?” என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் பேசுவார்கள்.

2000-இல் டென்மார்க்கில் தொடங்கிய மனித நூலகமும் இதற்குப் பக்கத்து வீடுதான். அங்கே புத்தகத்துக்குப் பதில் ஒரு மனிதரை இரவல் எடுத்து, அவர் வாழ்க்கையைக் கேட்கலாம். ஒருவரையொருவர் தவிர்த்து நடக்கிறவர்கள் ஒரே மேசையில் உட்கார, வேறு எந்தப் பொது இடம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னும் வராதவர்கள்

நோட்டில் ஒரு குறை உண்டு. வாசல் வரைக்கும் வந்தவர்களின் கேள்விதான் அதில் ஏறும். வராதவர்களை நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

பார்வையற்றவர்களில் இருந்து தொடங்கலாம். 2013-இல் நிறைவேறி 2016-இல் நடைமுறைக்கு வந்த மராகேஷ் உடன்படிக்கை, அதில் சேர்ந்த நாடுகளில் அவர்கள் படிக்கும் வடிவத்தில் நூல்களை உருவாக்கவும் நாடுகளுக்கிடையே பகிரவும் பதிப்புரிமையில் விலக்குத் தர வகை செய்கிறது. திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். ஒரு கணினியில் நிறுவி, ஹெட்போன் ஒன்றை மாட்டி, அவர்களில் ஒருவரையே வரவழைத்துச் சோதித்துப் பாருங்கள். எங்கள் கணினி சரியாகத்தான் பேசியது. ஆனால் வாசலிலிருந்து அந்தக் கணினிக்கு வரும் வழியில் நாங்கள் போட்டிருந்த பத்திரிகைத் தாங்கியில் அவர் இடித்துக்கொண்டார். கண்ணால் பார்த்து வைத்த எங்களுக்கு அது தெரியவில்லை.

வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரம்தான் பூட்டு. டென்மார்க்கில் பல நூலகங்களில், பணியாளர் இல்லாத நேரத்தில் உறுப்பினர்கள் தங்கள் அட்டையைக் காட்டித் தாங்களே திறந்து உள்ளே போகலாம். அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால், கூட்டமே இல்லாத முற்பகலில் ஒரு மணி நேரத்தைக் குறைத்து, இரவில் ஒரு மணி நேரம் கூட்டுங்கள்.

தாமதக் கட்டணம் பலரைத் தடுக்கிறது. ஒரு சிறுமி திடீரென்று வருவதை நிறுத்திவிட்டாள். புத்தகம் தவணை தாண்டிவிட்டது, வீட்டில் சொல்லப் பயம், எங்களிடம் வரவும் பயம். சிகாகோ பொது நூலகம் 2019 அக்டோபரில் தாமதக் கட்டணத்தை அடியோடு நீக்கியது. மூன்று வாரத்தில் திரும்பி வந்த புத்தகங்கள் 240 விழுக்காடு கூடியதாக அந்த நூலகமே சொன்னது. நியூயார்க் நகர நூலகங்களும் 2021-இல் நீக்கிவிட்டன. உங்களுக்கு அந்த அதிகாரம் இல்லாவிட்டால், ஆண்டுக்கு ஒரு வாரம் கட்டணமில்லாமல் திருப்பித் தர அனுமதி கேட்டு வாங்குங்கள். அந்த வாரத்தில் சிறுமி வந்தாள். புத்தகத்துக்கு அழகாக அட்டை போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

பணம் தருகிறவர்களிடம்

அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி உலகெங்கும் 2,509 நூலகங்களுக்குப் பணம் கொடுத்தார். பெரும்பாலான ஊர்களுக்கு ஒரு நிபந்தனை வைத்தார்: நிலம் ஊர் தர வேண்டும், தான் தரும் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஊர் ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும். கட்டடம் திறக்கும் நாளில் எல்லாரும் வருவார்கள், பல்பு மாற்றும் நாளில் யாரும் வர மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆகவே எதைக் கேட்டாலும் அதன் ஆண்டுச் செலவையும் சேர்த்தே கேளுங்கள்.

இத்தனை இரவல், இத்தனை வருகை என்ற அறிக்கையை அவர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள். ஒரே ஒரு தாள் கொண்டுபோங்கள்: முப்பது நாளில் வந்த ‘இல்லை’ இவ்வளவு, அதில் நாங்களே தீர்த்தது இவ்வளவு, உங்களால் தீரக்கூடியது இது. முடிந்தால் அவர்களை ஒரு மணி நேரம் வழங்கு மேசைக்குப் பின்னால் உட்கார வையுங்கள். எங்களுக்கு நிதி ஒதுக்கும் அதிகாரி ஒருவர் அப்படி உட்கார்ந்தார். முதல் அரை மணி நேரம் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒருவர் சக்கர நாற்காலியில் வந்து, இரண்டு படிக்குக் கீழே நின்றபடி, “சார், அந்த வேலைவாய்ப்பு இதழை இங்க கொண்டுவந்து குடுக்க முடியுமா?” என்று கேட்டார். அதிகாரி எழுந்து போய்க் கொடுத்தார். திரும்பி வந்து, நோட்டை வாங்கித் தன் கையாலேயே எழுதினார். சாய்தளம் வந்தது. எத்தனை மாதத்தில் என்று சொல்லவில்லை, ஆனால் வந்தது.

நோட்டு நிறைந்தால் புதியது போடுங்கள், பழையதை எறியாதீர்கள். தீர்ந்த பதிவுகளை அடித்துவிட்டு, தீர்ந்த தேதியைப் பக்கத்தில் எழுதுங்கள். தீராதவற்றை அடுத்த நோட்டின் முதல் பக்கத்துக்கு மாற்றுங்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர் முதலில் படிக்க வேண்டியது அந்தப் பக்கம்தான். நான் ஓய்வு பெற்ற நாளில் சாவிக்கொத்தோடு ஒன்பது நோட்டுகளையும் அடுத்த நூலகரிடம் கொடுத்தேன். போன வாரம் அந்தப் பக்கம் போயிருந்தபோது பத்தாவது நோட்டைக் காட்டினார். கடைசியாக எழுதியிருந்த பதிவு இது: “மாலை 6.10. சிறுமி, ஒன்பது வயது இருக்கும். தொலைநோக்கி இரவல் கிடைக்குமா என்று கேட்டாள். இல்லை என்றோம். நிலா தேய்வதற்குள் வேண்டுமாம்.”